தாத்தாவின் வில்லிஸ் பிக்கப்: முன்பக்கம் மாற்றினாலும் பழைய ஸ்டீயரிங் ராடை விட மனசில்லை

களக்காட்டு வாழைவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா வாங்கிய வில்லிஸ் ஜீப் பிக்கப் எங்கள் வீட்டில் இருக்கிறது, 1964 ரெஜிஸ்ட்ரேஷன். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றித் திருநெல்வேலிக்குப் போய்வந்த வண்டி. முன் கியரை எப்போதோ கழற்றிவிட்டார்கள், இப்போது பின் இழுவை மட்டும்தான். முன்பக்கம் பட்டை ஸ்பிரிங். நாங்குநேரி ரோட்டில் அறுபதைத் தாண்டினாலே வண்டி அலைகிறது, அம்மாவை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போய்வந்தால் இரண்டு நாளைக்கு அவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் காயலான் கடையில் ஒரு ஸ்கார்பியோவின் முன்பக்க கிராஸ் மெம்பரை (சேஸின் குறுக்குச் சட்டம்) காயில் ஸ்பிரிங், பவர் ஸ்டீயரிங் ராக் (சக்கரத்தைத் திருப்பும் பல்சட்டம்) எல்லாம் சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் தாத்தா பிடித்த அந்தப் பெரிய வீலும், நடுவில் இருக்கும் ஹாரன் பொத்தானும், மேல் குழாயும் அப்படியே இருக்க வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸுக்கு மேலே ராடை அறுத்து, ஒரு கிராஸ் (கோணத்தில் சுற்றும் மூட்டு) வைத்து வெல்டு அடித்தால் அரைநாள் வேலை என்கிறார் எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி. எனக்குக் கை வரவில்லை. இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

பேட்டை லேத்:
தம்பி, அறுக்காதீங்க. முதலில் இதைக் கேளுங்கள். வில்லிஸில் வீலிலிருந்து பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் (திருகுப் பல்) வரை ஒரே ராடு, அதுவும் உள்ளே பொள்ளலான குழாய், ஹாரன் ஒயர் அதன் நடுவில்தான் இறங்குகிறது. பொள்ளல் குழாயின் முனையில் கிராஸை ஒட்டி வெல்டு அடித்தால் பிடிப்பு வெறும் சுவர் கனத்தில்தான் நிற்கும். இன்னொன்று, அந்த ராடுக்குக் கீழ்ப்பக்கத் தாங்கலே பாக்ஸ்தான். பாக்ஸ் போய்விட்டால் ராடு கீழே ஆடும், மேலும் கீழும் நகரவும் செய்யும். குழாயின் கீழ்முனையில் ஒரு பேரிங் உட்கார வைத்து, ராடில் காலர் போட்டு சர்க்ளிப்பால் பூட்டியாக வேண்டும். அரைநாளில் முடிக்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

உங்கள் ராடு, பாக்ஸ் இரண்டையும் முழுசாகக் கழற்றிக் கிரீஸ் தடவி வீட்டில் வையுங்கள். அதே மாதிரிப் பழைய ஜீப் ராடு ஒன்றைக் காயலான் கடையில் தேடுங்கள், வீல் உட்காரும் பல் உங்கள் வீலோடு பொருந்துகிறதா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள். அறுப்பதானால் அதை அறுக்கலாம். அதற்குள் கெட்டியான தண்டை இறுக்கமாக ஏற்றி, பக்கவாட்டில் துளை போட்டு, நல்ல டிக் வெல்டர் கையால் நிரப்ப வேண்டும். ரோட்டோர வெல்டு இதற்கு வேண்டவே வேண்டாம்.

ராக் பக்கம் ஸ்கார்பியோவின் சொந்த இடைத்தண்டையே கிராஸோடு எடுங்கள், பல் கணக்குப் பார்க்கும் தொல்லை கிடையாது. இன்னொரு விஷயம், கேபின் ரப்பர் மேல் நிற்கிறது, ராக் சேஸில் நிற்கிறது, வண்டி குலுங்கும்போது இரண்டும் சேர்ந்து அசையாது. நடுவில் நீண்டு சுருங்கும் தண்டு இருந்தே ஆக வேண்டும்.

அம்பை டிரைவர்:
லேத்துக்கார அண்ணாச்சி சொன்னதோடு என் கதையையும் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் என் ஜீப்புக்கு ஒரு பட்டறையில் இதே வேலை செய்தார்கள். இரண்டு கிராஸ் வைத்தார்கள், ஆனால் நடுத் தண்டில் கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனைக் கவையையும் ஒரே நேர்கோட்டில் வைக்காமல் குறுக்கும் நெடுக்குமாக மாட்டிவிட்டார்கள். நேர்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. மாஞ்சோலை ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு வீலைச் சுற்றும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கனத்து, இரண்டு தடவை பட்டென்று இளகுகிறது. ஒருபக்கம் பள்ளம், கையில் இப்படி ஒரு வீல், அன்றைக்குப் பாதியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு மணிமுத்தாறு வந்து சேர்ந்தேன். ஒரு கிராஸ் தாங்குவது சுமார் முப்பது டிகிரிதான், அதற்கு மேல் வளைவு இருந்தால் இரண்டாகப் பிரித்துக்கொடுங்கள். மூன்று கிராஸ் வரும் என்றால் நடுத் தண்டுக்குத் தாங்கு பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் துவளும்.

இரும்பில் கைவைக்கும் முன் அரை இஞ்ச் பிவிசி பைப்பில் மாதிரி செய்து பாருங்கள். சைலன்சர் பைப், எஞ்சின் மவுண்ட், கிளட்ச் பெடல் எல்லாம் எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பாளை பழைய வண்டி:
1950களின் ஃபோர்டு பிக்கப்புக்கு 1974–78 மஸ்டாங்கின் முன்பக்கத்தைப் போட்டு, பழைய குழாயை மட்டும் வைத்துக்கொள்வது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். ஆனால் அங்கேயே 1968 முதல், மோதினால் சுருங்கும் ஸ்டீயரிங்கைப் புதுக் கார்களுக்குச் சட்டமாக்கினார்கள். காரணம் இந்த ஒரே ராடுதான். நேருக்கு நேர் மோதினால் முன்னாலிருக்கும் பாக்ஸ் பின்னால் தள்ளப்பட்டு, ராடு ஈட்டி மாதிரி ஓட்டுகிறவர் நெஞ்சுக்கு வரும். ஆகவே வெளிக்குழாயும் வீலும் தாத்தாவுடையதாக இருக்கட்டும், உள்ளே ஓடுவது சுருங்குகிற தண்டாக இருக்கட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் சேர்த்தே வரலாம். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021இல் விண்டேஜ் பதிவு வந்திருக்கிறது, சேஸைப் பெரிதாக மாற்றினால் அது கிடைக்காது. கிடைத்தாலும் அன்றாடம் ஓட்ட முடியாது. ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டு இறங்குங்கள். முன்சக்கரம் திரும்பும் கிங் பின் பேரிங்கும், பட்டை முனையில் இருக்கும் ஷேக்கிள் புஷ்ஷும், பாக்ஸுக்குள் வார்மில் உரசித் தேய்ந்த முளையும் மாற்றினாலே பாதி அலைச்சல் போய்விடுமே, பார்த்தீர்களா?

களக்காட்டு வாழைவண்டி:
அண்ணாச்சி, கிங் பின்னும் புஷ்ஷும் போன வருஷமே மாற்றியாச்சு. பாக்ஸை யாரும் திறந்து பார்க்கவில்லை, உண்மை. இந்த வாரம் அதைத் திறக்கிறேன், ஆர்டிஓ ஆபீசுக்கும் போய்வருகிறேன். அதுவரை ஸ்கார்பியோ கிராஸ் மெம்பர் தொழுவத்திலேயே கிடக்கட்டும். ஒரே ஒரு கேள்வி, ராடு இரண்டாகிவிட்டால் ஹாரன் ஒயர் எப்படி இறங்கும்?

பேட்டை லேத்:
குழாயின் மேல்பகுதியில் சின்னத் துளை போட்டு, ராடில் பித்தளை வளையம் ஒன்றை ஃபைபர் புஷ் மேல் ஏற்றி, அதன் மேல் கார்பன் பிரஷ் உரசும்படி வைத்துவிடலாம். பொத்தான் பழையதே இருக்கும். பாக்ஸைத் திறந்ததும் முளையைப் படம் எடுத்துப் போடுங்கள், ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அலைச்சல் அங்கிருந்துதான்.