புதுப்பிப்பு: டிராகன் கதை, மூன்றாம் பாகம்

‘ஃபோர்த் விங்’ (2023) பிடித்தது, ‘அயர்ன் ஃபிளேம்’ இழுவை என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். மூன்றாவதைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். ரெபெக்கா யாரோஸின் ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ (2025 ஜனவரி) முடித்தாயிற்று. கதை கொஞ்சம் வெளியே வரும், படிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

இதில் கதாநாயகி வயலெட்டும் கூட்டாளிகளும் டிராகன் மேல் தீவு தீவாகப் பறக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம், தனி வழக்கம். மந்திரம் அங்கே வேலை செய்யாது. யோசனை அருமை. ஆனால் கால் ஊன்றுவதற்குள் அடுத்த தீவு. கீழக்கரைக்காரியான எனக்கு இது பொறுக்கவில்லை. பக்கத்து ஊரான மண்டபத்திலிருந்து குருசடைத் தீவுக்குப் போய்வந்தவரே ஒரு வாரம் அதைப் பேசுவார்! பெயர்களும் மண்டையில் நிற்கவில்லை, பின்னால் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

வயலெட்டுக்காக எதையும் மன்னிப்பேன். மூட்டு சட்டென்று நழுவும் உடம்பு, அதை மந்திரத்தால் குணமாக்கிக் கதையை எளிதாக்கவில்லை. டிராகன் மேல் உட்கார அவளுக்குத் தனிச் சேணமே வேண்டியிருக்கிறது. எழுத்தாளருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மூட்டைத் தளர்த்தும் இணைப்புத்திசு நோய் உண்டு. அந்த வலி இரவல் இல்லை. வயலெட்டின் காதலன் சேடனின் ஏக்கம்தான் மூன்றாவது தடவை சலிக்கிறது.

சாச்சியிடம் (சித்தி) கதையைச் சொன்னேன். “இத்தன பேரு சாவுறதுக்கு, பேசாம நிக்காஹ முடிச்சு வச்சிருக்கலாமேம்மா?” என்றார்.

அவருக்கு எமிலி ஹென்றியின் ‘ஃபன்னி ஸ்டோரி’ (2024) சொல்லிப் பார்த்தேன். கைவிடப்பட்ட நூலகப் பெண், கைவிட்டவனின் புதுக்காதலியுடைய பழைய காதலனோடு ஒரே வீட்டில். சண்டை, டிராகன் எதுவும் இல்லை. சாச்சி முழுக்கக் கேட்டார். எனக்கும் அதுதான் மேல்.

யாரோஸ் மொத்தம் ஐந்து பாகம் என்கிறார். நாலாவதை வாங்குவேன், வந்த அன்றைக்கே அல்ல.