போல்டருக்குள்ள போல்டர்: எல்லா ஃபைலையும் ஒரே நேரத்துல திறக்கலாமா?

ஹட்டன் பொடியன்: ஒரு தோட்டத்துப் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) பக்கங்களை ஸ்கேன் பண்ணி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல தந்திருக்காங்க. டிவிஷன் (தோட்டத்தோட பிரிவு), அதுக்குள்ள வருஷம், அதுக்குள்ள மாசம்னு போல்டர் போய்க்கிட்டே இருக்கு. ஒரே ஸ்கேன் ஃபைல் ரெண்டு தடவை இருக்கான்னு பார்க்க ஒவ்வொரு ஃபைலையும் படிச்சு ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுக்கணும். நோட்.ஜேஎஸ்ல (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டுற மென்பொருள்) ஃபார்ஈச் லூப்புக்குள்ள அவெய்ட் (முடியும்வரை காத்திரு) போட்டா, வேலை முடியுறதுக்கு முன்னாடியே "மொத்தம் 0"ன்னு காட்டுது. என்ன செய்யலாம்?

பண்டாரவளை பனி: ஃபார்ஈச் யாருக்காகவும் நிக்காது தம்பி. மேப் போட்டு, வர்ற ப்ராமிஸ்களை (இனி முடியப்போற வேலைக்கான சீட்டு மாதிரி) ப்ராமிஸ்.ஆல்ல கட்டுங்க, அது எல்லாம் முடியுற வரைக்கும் நிக்கும். ஒவ்வொரு போல்டரும் தன் பிள்ளைகளோட ப்ராமிஸைச் சேர்த்து மேல அனுப்பும். உச்சியில இருக்கிறது முடிஞ்சா எல்லாம் முடிஞ்சிருச்சு. வேகமும் கிடைக்கும்.

கொத்மலை ஆறு: வேகமா? அது சுத்துற டிஸ்க்கா இருந்தா ஹெட் அங்கயும் இங்கயும் அலையிறதுலயே நேரம் போயிரும். ஃபார்-ஆஃப் லூப்புல ஒவ்வொண்ணா அவெய்ட் பண்ணட்டும், ராத்திரி போட்டுட்டுப் படுத்தா போதும். நீங்க சொல்றபடி செஞ்சா பாதியில ஈஎம்ஃபைல்னு (திறந்த ஃபைல் அளவுக்கு மீறிப் போச்சுங்கிற எரர்) விழலாம். ஒரு ப்ரோசஸ் (ஓடுற நிரல்) ஒரே நேரத்துல எத்தனை ஃபைலைத் திறந்து வச்சிருக்கலாம்னு சிஸ்டம் ஒரு வரம்பு வச்சிருக்கு.

பண்டாரவளை பனி: ஃபைல் வேலைக்கு லிப்யூவி (நோட்டுக்கு உள்ள இருக்கிற லைப்ரரி) வச்சிருக்கிறதே 4 த்ரெட் (வேலையாள் மாதிரி) தான் அண்ணே. நாமளா கூட்டாத வரைக்கும் நாலு நாலாத்தான் நடக்கும். வரம்பு எப்படித் தாண்டும்?

கொத்மலை ஆறு: ரீட்டைர்னா (போல்டர்ல உள்ள பெயர்களைப் பட்டியல் போடுறது) உங்க கணக்கு சரி. திறந்து, படிச்சு, மூடுறது எல்லாம் ஒரே வேலையா ஒரு த்ரெட்டுக்குள்ளயே முடிஞ்சிரும். ரீட்ஃபைல் (ஒரு ஃபைலை முழுசாப் படிக்கிறது) அப்படி இல்ல. திறக்கிறது, அளவு பார்க்கிறது, படிக்கிறது, மூடுறது ஒவ்வொண்ணும் தனி வேலை. 5000 ரீட்ஃபைலை ஒரே மூச்சுல கூப்பிட்டா வரிசையில முன்னுக்கு நிக்கிறது 5000 'திற'. சிஸ்டத்தோட வரம்பு அதை விடக் குறைவா இருந்தா, முதல் 'மூடு'க்கு முறை வர்றதுக்குள்ள அது உடைஞ்சிரும். த்ரெட் நாலுங்கிறது இதுல காப்பாத்தாது.

பண்டாரவளை பனி: சரி, ஒரு நேரத்துல 8 தான்னு வரம்பு வச்சு, போல்டருக்குள்ள இறங்குற ஃபங்ஷனை அதுக்குள்ள போட்டுட்டா?

ஹப்புத்தளை அக்கா: ஐயோ, அது மட்டும் வேணாம்! தகப்பன் போல்டர் ஒரு இடத்தைப் பிடிச்சுக்கிட்டே பிள்ளைகள் முடியட்டும்னு காத்திருக்கும். டிவிஷனே எட்டு இருந்தா எட்டு இடமும் தகப்பன்மாருக்கே போயிரும். பிள்ளை உள்ள வர இடம் இல்ல, தகப்பனும் எழும்ப மாட்டார். வேலை முடியாமலே நோட் பாதியில வெளியேறிரும். ஃபைலைத் திறந்து ஹேஷ் எடுத்து மூடுற துண்டுக்கு மட்டும் வரம்பு வைங்க. போல்டர் இறங்குறது வெளியில இருக்கட்டும்.

இன்னொண்ணு. ப்ராமிஸ்.ஆல் முதல் தோல்வியிலயே கைவிட்டுரும், ஆனா ஆரம்பிச்ச மத்த வேலைகள் பின்னால ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். பழைய டிஸ்க்ல ஒரு ஃபைல் படிக்க முடியாம இருக்கிறது சகஜம். ஃபைலுக்கு ஃபைல் ட்ரை-கேட்ச் (எரர் வந்தா பிடிச்சுக்கிற அமைப்பு) போட்டு, கெட்டதோட பாதையைத் தனியா எழுதி வைங்க. கிடைச்ச ஹேஷையும் அப்பப்ப ஃபைல்ல சேருங்க. இந்த மழைக்குக் கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்?

கொத்மலை ஆறு: இவ்வளவு பாடு எதுக்கு? நோட் 18.17, 20.1ல இருந்து ரீட்டைருக்கே ரிகர்சிவ்னு (உள் போல்டர்களுக்குள்ளயும் தானே இறங்குறது) ஒரு ஆப்ஷன் இருக்கு. முழுப் பட்டியலையும் அதுவே தரும். அப்புறம் ஒரு லூப்.

ஹப்புத்தளை அக்கா: உள்ள ஒரு போல்டருக்கு அனுமதி இல்லன்னா மொத்தமும் விழுந்துரும் அண்ணே. இந்த டிஸ்க்குக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

ஹட்டன் பொடியன்: அப்ப 8ஆ, ஒண்ணொண்ணாவா?

கொத்மலை ஆறு: ஒண்ணொண்ணா.

பண்டாரவளை பனி: வாய்ப் பேச்சு வேணாம், ஓட்டிப் பாருங்க தம்பி. ஏறக்குறைய ஒரே அளவுள்ள ரெண்டு டிவிஷனை எடுத்து, ஒண்ணை 1 வச்சும் மத்ததை 8 வச்சும் ஓட்டி நேரம் எடுங்க. ஒரே டிவிஷனை ரெண்டு தடவை ஓட்டாதீங்க. இரண்டாவது தடவை பாதி ஃபைல் மெமரியில இருந்தே வரும், எந்த எண் வச்சாலும் அதுதான் வேகமாத் தெரியும்.