பிராங்கோனியா மலைமுகடு: அக்டோபரில் எந்தப் பக்கமாக ஏறுவது?

நாஷுவாவாசி:

திருநெல்வேலியிலிருந்து மைத்துனர் வந்திருக்கிறார். வயது 34. வெள்ளியங்கிரி ஏழு மலையையும் மூன்று முறை ஏறி இறங்கியவர். அவரை ஃபிளூம் மலையிடுக்கில் டிக்கெட் எடுத்து மரப்பாலத்தில் நடக்கவிட்டால் தன் வீட்டார் முன் மானம் போய்விடும் என்கிறாள் மனைவி. ஆகவே வரும் சனிக்கிழமை, கொலம்பஸ் தின விடுமுறையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பிராங்கோனியா முகட்டுச் சுற்றுப் பாதைக்குப் போவதாக முடிவு செய்துவிட்டோம். 8.9 மைல் என்று படித்தேன். ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் ஏறி, முகட்டில் நடந்து, ஓல்டு பிரைடில் பாதையில் இறங்குவதுதான் வழக்கம் என்கிறார்கள். சனி காலை மேகமூட்டம், மதியம் தூறல் இருக்கலாம் என்கிறது வானிலை அறிக்கை. அந்தப் பாதையிலேயே போகலாமா? நான் இதுவரை மொனாட்நாக் மலை மட்டும்தான் ஏறியிருக்கிறேன்.

பிர்ச்சுமரத்தடி:

தம்பி, உங்கள் மைத்துனரின் கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏறத்தாழ 3,900 அடி ஏற்றத்தை அவர் ஏறிவிடுவார். நீங்களும் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் போய்ச் சேருவீர்கள். சிக்கல் அந்த 1.7 மைலில் இருக்கிறது. லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லாஃபயெட் என்ற மூன்று சிகரங்களையும் இணைக்கும் முகட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வெள்ளியங்கிரியில் குளிர்ந்தால் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாறை இடுக்கில் உட்கார்ந்துவிடலாம். இங்கே பக்கவாட்டில் அடிக்கும் மழையும் காற்றும் உட்காரவிடாது.

நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். 2016 அக்டோபரில் நானும் என் கணவரும் நீங்கள் சொன்ன அதே வழியில்தான் ஏறினோம். ஃபாலிங் வாட்டர்ஸ் அழகான பாதை, மறுக்கவில்லை. ஓடையை மாற்றி மாற்றிக் கடக்க வேண்டும், மூன்று அருவிகள். கடைசியில் வரும் கிளவுட்லேண்ட் அருவி 80 அடி. ஆனால் 3.2 மைலும் மரங்களுக்குள்ளேயே போகும் வழி. வானம் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு சன்னல் கிடைக்காது. உச்சியில் தலையை வெளியே நீட்டியபோதுதான் தெரிந்தது, வழிகாட்ட வைத்திருக்கும் அடுத்த கற்குவியல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ‘இவ்வளவு ஏறியாயிற்று, இன்னும் 1.7 மைல்தானே’ என்றார் அவர். அந்த ‘தானே’யை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. என் கையில் இருந்தவை தோட்ட வேலைக்கு வாங்கிய பருத்திக் கையுறைகள். நனைந்ததும் ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டதுபோல் ஆகிவிட்டன. லாஃபயெட் உச்சியில் பழைய விடுதி ஒன்றின் கல் அடித்தளம் இருக்கிறது, அதன் மறைவில் குந்தினோம். புளியோதரை வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவின் கொக்கியைத் திறக்க என் விரல் கேட்கவில்லை. அவர் விரலும் கேட்கவில்லை. கடைசியில் அவர் பல்லால் கடித்து நெம்பினார். உள்ளே சோறு அப்படியே அச்சு வெல்லம்போல ஒரே கட்டி. அன்றைக்கு அங்கே பனிகூடப் பெய்யவில்லை, வெறும் ஈரமும் காற்றும்தான். கார் நிறுத்துமிடத்தில் 12 டிகிரி என்றால் உச்சியில் ஐந்துதான் இருக்கும். மணிக்கு 40 மைல் காற்றும் சேர்ந்தால் உடம்பு அதைப் பூஜ்யத்துக்குக் கீழே என்றுதான் உணரும்.

ஆகவே என் யோசனை: சந்தேகமான வானிலையில் திருப்பிப் போட்டு நடங்கள். ஓல்டு பிரைடில் பாதையில் ஏறுங்கள். பாதி வழியிலேயே வெட்டவெளிப் பாறைகள் வரும், அங்கே நின்றால் ஏற வேண்டிய முகடு முழுவதும் எதிரே தெரியும். தெரியவில்லை என்றால் அதுவே உங்களுக்குப் பதில். அதற்கப்புறம் ‘அகனீஸ்’ என்று அழைக்கப்படும் செங்குத்தான மேடுகள். வேதனைகள் என்று பொருள், பொருத்தமான பெயர்தான். 2.9 மைலில் கிரீன்லீஃப் குடில் வந்துவிடும். அக்டோபர் நடுவில் மூடிவிடுவார்கள், திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்து சூடாக ஏதாவது குடித்துவிட்டு, உலர்ந்த உடம்போடு முடிவெடுக்கலாம். அங்கிருந்து உச்சி 1.1 மைல். வெயிலில் மொனாட்நாக் ஏறியதை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள்.

வானிலைக்கு ஊர் அறிக்கையைப் பார்க்காதீர்கள். மவுண்ட் வாஷிங்டன் ஆய்வகம் உயர்ந்த சிகரங்களுக்கென்று தனி அறிக்கை தருகிறது. வெள்ளி இரவு ஒரு முறை, சனி விடிகாலை ஒரு முறை பாருங்கள்.

கூழாங்கல்:

அக்கா சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. திருப்பிப் போட்டால் ஃபாலிங் வாட்டர்ஸில் இறங்க வேண்டிவரும். ஈரப்பாறை, அதன்மேல் உதிர்ந்த மேப்பிள் இலை. அக்டோபரில் அந்த இலைக்கு அடியில் இருப்பது கல்லா, வேரா, குழியா என்று கால் வைத்த பிறகுதான் தெரியும். என் கணுக்கால் பிசகியது அங்கேதான். எல்லோரும் அருவிப் பக்கம் ஏறுவது காரணத்தோடுதான்.

இன்னொன்று, கார். விடுமுறை வாரத்தில், பாதை தொடங்கும் லாஃபயெட் பிளேஸ் நிறுத்துமிடத்தில் ஆறரை மணிக்கே இடம் இருக்காது. நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தத் தடை. வார இறுதியில் ஷட்டில் பஸ் விடுகிறார்கள், அதை நம்பியே திட்டமிடுங்கள்.

பிர்ச்சுமரத்தடி:

கூழாங்கல் சொல்வது சரி, ஈரமாக இருந்தால் அருவிப் பக்கம் இறங்கவே கூடாது. நான் விட்டுவிட்டேன். உச்சி தெளிவாக இருந்தால் லாஃபயெட் வரை போய்விட்டு வந்த வழியே திரும்பட்டும். ஓல்டு பிரைடிலிலும் வழுக்குப் பாறைகள் உண்டு, ஆனால் ஓடையைக் கடக்கும் வேலை இல்லை. சுற்றை முடித்தே தீர வேண்டும் என்று நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லையே.

பையில் என்ன இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள் தம்பி, நீங்கள் கேட்கவில்லை. ஜீன்ஸ் வேண்டாம். கம்பளியோ ஃபிளீஸோ இரண்டு அடுக்கு, காற்றுப் புகாத மழைக்கோட்டு, ஆளுக்கு இரண்டு ஜோடிக் கையுறை, தலையில் மாட்டும் விளக்கு. போன் விளக்கு கணக்கில் வராது, குளிரில் பாட்டரி கண்ணெதிரே இறங்கும். ஆறு மணிவாக்கில் சூரியன் மறையும் என்றாலும் மேற்கே கேனன் மலை நிற்பதால் காட்டுக்குள் அதற்கு முன்பே மங்கிவிடும். ஹைக் சேஃப் கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள், தனி ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. கவனக்குறைவால் மாட்டிக்கொண்டு மீட்க வரவழைத்தால் இந்த மாநிலம் செலவை உங்களிடமே வசூலிக்கலாம். கார்டு இருந்தால் அந்தப் பில் வராது. பொறுப்பே இல்லாமல் முரட்டுத்தனமாக நடந்துகொண்டால் கார்டும் காப்பாற்றாது.

முகட்டில் பாதைக்கு இரண்டு பக்கமும் சின்னக் கல்வரிசை வைத்திருப்பார்கள். அதற்கு வெளியே கால் வைக்காதீர்கள். பாசிபோல் தெரியும் அந்தச் செடிகள் ஒரு விரற்கடை வளரப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்.

நாஷுவாவாசி:

போய்விட்டு வந்தோம். ஷட்டிலில் போய் ஏழரைக்கு ஏறத் தொடங்கினோம். கீழே பிர்ச்சும் பீச்சும் மஞ்சளாக நின்றன. மைத்துனர் முன்னால், நான் இருநூறு அடி பின்னால். வெட்டவெளிப் பாறையில் நின்றபோது லாஃபயெட் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது. பத்தரைக்குக் குடில். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மேகம் இரண்டு முறை விலகிப் பழையபடி மூடியது. உச்சியிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்ணின் தொப்பி ஓரத்தில் பனிப்பொருக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நான் கீழே இறங்கத் திரும்பிவிட்டேன்.

இப்போது வயிற்றெரிச்சல் பகுதி. இரண்டரைக்கு ஷட்டில் நிறுத்தத்தில் திரும்பிப் பார்க்கிறோம், முகடு முழுவதும் பளிச்சென்று வெயில். மைத்துனர் கான்கார்ட் வரும்வரை என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும், ‘அத்தான், தண்ணீர் பாட்டில்’ என்றார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அவருக்கு விமானம்.

பிர்ச்சுமரத்தடி:

வெயில் இரண்டரைக்கு. நீங்கள் மேலே போயிருந்தால் பன்னிரண்டரைக்கு உச்சியில் இருந்திருப்பீர்கள். இதை அவரிடம் சொல்லுங்கள். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள். அது போகட்டும், குடிலில் அன்றைக்கு என்ன சூப்?

நாஷுவாவாசி:

பருப்பு சூப், அக்கா. உப்பு கொஞ்சம் குறைவு. மைத்துனர் இரண்டு கிண்ணம் குடித்தார்.