பெரிமெனோபோஸ்: தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்கு முன் தேவை

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் ஒரு பெண்கள் குழுவுக்காக, 40 தாண்டியவர்களுக்கான துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்குகிறேன். மெனோபோஸுக்கு ‘மாதவிடாய் நிற்றல்’ போட்டாயிற்று. 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அதற்கு முந்திய வருடங்கள்தான் சிக்கல். மாதவிடாய் முந்தியும் பிந்தியும் வந்து, உடம்பு திடீரென்று கொதித்து, நித்திரை குழம்புமே, அந்தக் காலத்துக்கு ஒரு சொல் வேண்டும். வரைவில் ‘முன்நிறுத்தம்’ என்று இருக்கிறது. 40க்கு முன்பே நின்றுவிட்டது என்றல்லவா அது படுகிறது?

*

தங்கச்சி, பூப்பு இருக்க மாதவிடாய் எதற்கு? கற்பியலில் ‘பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்’ என்கிறார் தொல்காப்பியர். அங்கே பூப்பு மாதாமாதம் வருவதுதான். விடாய் என்றால் தாகம், களைப்பு. ஆகவே ‘பூப்பொடுங்கு பருவம்’. பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்த மொழியில் சொல்லுக்கா பஞ்சம்?

*

மாஸ்டர், பேரிளம்பெண்ணுக்குப் பொதுவாகச் சொல்லும் வயது 32 முதல் 40. பட்டியல் முடிகிற இடத்தில்தான் இந்தப் பெண்ணின் கதையே தொடங்குகிறது, அவளுக்கு அங்கே பெயர் இல்லை. சாம்பல்தீவில் பூப்பு என்றால் பிள்ளை வயதுக்கு வருவது, சாமத்தியவீடு எங்கே என்றுதான் கேட்பார்கள். பெண்களுக்கான உடல்நலப் பரிசோதனை நடக்கும் சுவநாரி கிளினிக், அந்தச் சிங்களப் பெயர் எல்லோருக்கும் விளங்குகிறது, நம் சொல் விளங்காவிட்டால் யாருக்கு அது?

அதைவிட, ‘ஒடுங்கு’ வேண்டவே வேண்டாம். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் ஒரே சீராக இறங்குவதில்லை, ஏறி ஏறி இறங்கும். கரு தங்கவும் முடியும். எல்லாம் முடிந்தது என்று நம்பிக் குடும்பக்கட்டுப்பாட்டை விட்டவர்களை நான் மிட்வைஃபாகப் பார்த்திருக்கிறேன், 45 வயதில் அழுதுகொண்டு வருவார்கள். ‘தடுமாறு காலம்’ போடுங்கள்.

*

அக்கா, மருத்துவம் சரி, சொல் சரியில்லை. தடுமாறுவது மாதவிடாயா, மனமா? இந்த வயதில் பெண் கோபப்பட்டால் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது, நாமும் அதை அச்சடித்துக் கொடுக்கக்கூடாது. ‘மாறுகாலம்’ போதும். மூதூரில் என் அம்மாவுக்கும் விளங்கும்.

*

மாறுகண், மாறுவேடம். ‘மாறு’ முன்னால் வந்தால் இயல்புக்கு மாறானது என்ற நிழல் விழும். மாறுகாலம் என்றால் மழைக்காலம் மாறுவதாகவும் எடுக்கலாமே?

*

மாஸ்டர், முன்னால் மாதவிடாய் என்று சேர்த்தால் அந்த மயக்கம் வராது. ஐந்து பேர் ‘மாதவிடாய் மாறுகாலம்’ என்கிறார்கள், அதையே அனுப்புகிறேன். சொல் முதலில் வரும் இடத்தில் பெரிமெனோபோஸ் என்றும் பக்கத்தில் இருக்கும். அக்கா சொன்ன கரு தங்கும் விஷயத்தைத் தடித்த எழுத்தில் முதல் பந்திக்கு ஏற்றிவிட்டேன். 12 மாதம் கழித்து மறுபடி இரத்தம் கண்டால் உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும் என்பதும் அதற்குக் கீழே.

*

அனுப்புங்கள் தங்கச்சி. பூப்பை விடுவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை, அடுத்த பதிப்பு வரும்போது திரும்பக் கேட்பேன்.