வேப்பர் லாக்: ஆவிப்பூட்டா, ஆவியடைப்பா?

வணக்கம்.

1960, 70களின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான பழுதறி கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. கார்புரேட்டர், பிஸ்டன், வால்வு, காயில் ஆகியவை ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும் என்று விட்டாயிற்று; யாரும் தடுமாறப் போவதில்லை. இடறுவது கோளாறுகளின் பெயரில்தான். பெயரைப் படித்ததும் எங்கே கைவைக்க வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

வேப்பர் லாக்குக்கு "ஆவிப்பூட்டு" என்று எழுதியிருக்கிறேன். விளக்கம்: "சூட்டினால் எரிபொருள் ஆவியாகி எஞ்சினுக்குப் பெட்ரோல் வராமல் போதல், சூடான வண்டி ஸ்டார்ட் ஆகாமை." இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள்.

———

> வேப்பர் லாக்குக்கு "ஆவிப்பூட்டு"

பூட்டு வேண்டாம் ஐயா. பூட்டு என்றால் சாவி தேடுவார்கள். இங்கே எதுவும் பூட்டிக்கொள்வதில்லை. குழாய் திறந்தே இருக்கிறது, பம்பும் அடித்துக்கொண்டே இருக்கிறது. பம்புக்குள் வந்திருப்பது திரவத்துக்குப் பதில் ஆவி, அவ்வளவுதான். பம்பின் டயாஃப்ரம் (உறிஞ்சித் தள்ளும் சவ்வு) ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் ஆவி சுருங்குகிறது, விட்டதும் விரிகிறது. முன்னே நகர மாட்டேன் என்கிறது.

பெட்ரோல் ஒரே கொதிநிலை உள்ள திரவம் இல்லை என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. இலேசான பகுதிகள் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கிளம்பிவிடும், கனமானவை போக 200 டிகிரி வரை ஆகும். எத்தனால் மட்டும் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் 10 சதவீதம் எத்தனாலைப் பெட்ரோலில் கலந்தால் கலவையின் ஆவியழுத்தம் குறையாது, கூடும். பழைய கார்களில் இந்தத் தொல்லை இப்போது அதிகமாகப் பேசப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது விஷயம், இடம். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது, அதனால் அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். ஆகவே முதலில் குமிழ் விடுவது உறிஞ்சு பக்கம்தான். பம்பைத் தாண்டிய பிறகு அழுத்தம் ஏறுகிறது, தொல்லை குறைகிறது.

என் பரிந்துரை: ஆவியடைப்பு. மூக்கடைப்பு மாதிரி. அடைத்துக்கொள்ளும், சிறிது நேரத்தில் தானே விட்டுவிடும், திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் குணம் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

———

> என் பரிந்துரை: ஆவியடைப்பு

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டறையில் இதற்கும் "ஏர் லாக்" என்றுதான் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் பொதுவாக "பெட்ரோல் ஏறல". ஏர் லாக் வேறு, வேப்பர் லாக் வேறு என்று கையேடு ஒரு வரியில் பிரித்துச் சொல்லாவிட்டால் புதுச்சொல்லால் பயன் இல்லை.

ஏர் லாக்கில் காற்று வெளியிலிருந்து உள்ளே போகிறது: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பம்பின் நுழைவாயிலில் தேய்ந்த வாஷர். எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் "ஏர் எடுக்கும்". உறிஞ்சு பக்கத்து விரிசலில் பெட்ரோல் கசியாது, காற்றுதான் உள்ளே போகும்; அதனால் கீழே ஈரம் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வேப்பர் லாக்கில் இருப்பது அதே பெட்ரோல்தான், வடிவம் மாறியிருக்கிறது. குளிர்ந்தால் மறுபடி திரவமாகிவிடும். காற்று குளிர்ந்தாலும் காற்றுதான்.

இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை. குளிர்ந்த எஞ்சினில் இக்னிஷன் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் பக்கத்து ஹோஸை ஒரு ஜாடிக்குள் விட்டுப் பம்பை ஓட்டுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஹோஸின் முனை பெட்ரோலில் மூழ்கிய பிறகும் ஜாடியில் குமிழ் வந்துகொண்டே இருந்தால் காற்று நுழைகிறது. எஸ்யூ (பிரிட்டிஷ் தயாரிப்பு) மின்பம்ப் ஒரு நிமிடத்தில் அரை லிட்டராவது தர வேண்டும். அதற்குக் குறைந்தால் ஃபில்டர், டேங்க் வலை, மடிந்துபோன ஹோஸ், பம்பின் பாயிண்ட் (மின்தொடர்பு முனை) ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் சூட்டைக் குறை சொல்ல வேண்டும்.

ஆகவே இணையாக வைப்போம்: காற்றடைப்பு, ஆவியடைப்பு.

டேங்க் மூடியின் துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அரைமணி ஓடும், திணறும், நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் கிளம்பும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே போனால் அதுதான் காரணம். இதற்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம், மூடியைத் திறக்கச் சொன்னால் போதும்.

———

> சூடான வண்டி ஸ்டார்ட் ஆகாமை

எனக்கு உறுத்துவது முதல் மடலின் இந்த வரி. சூட்டில் ஸ்டார்ட் ஆகாத எல்லாவற்றையும் ஆவியடைப்பு என்று எழுதினால், பாதிப் பேர் நல்ல பம்பைக் கழற்றி எறிவார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதுவும் ஏற்றத்திலோ ஊர்ந்து செல்லும் நெரிசலிலோ, இழுவை குறைந்து விக்கி நின்றால் அது ஆவியடைப்பாக இருக்கலாம். பெட்ரோல் பற்றாமல் கலவை மெலிகிறது. நன்றாக ஓடி வந்து, நிறுத்தி, கால் மணி கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது பெரும்பாலும் வேறு. எஞ்சின் நின்றதும் கூலன்ட் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுவிடுகின்றன. பானட்டுக்குள் சூடு அடுத்த பத்து இருபது நிமிடம் ஏறிக்கொண்டே இருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலைச் சேர்த்துவைக்கும் மிதவைக் கிண்ணத்தில் இருப்பது கொதித்து, ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வழியாக மேலேறி, இன்லெட் மேனிஃபோல்டில் போய்த் தேங்குகிறது. அங்கே பெட்ரோல் பற்றாக்குறையே இல்லை, வெள்ளம். பெர்கலேஷன் என்பது இதுதான். நிறுத்திய இரண்டு நிமிடத்தில் எடுத்தால் ஸ்டார்ட் ஆகும், கால் மணியில் அடம்பிடிக்கும், ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல ஓடும்.

ஒன்றில் பெட்ரோல் வரவில்லை, மற்றதில் அளவுக்கு மீறி வந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் தெரிந்துவிடும்: காய்ந்திருந்தால் ஆவியடைப்பு, நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெர்கலேஷன். நனைந்திருந்தால் சோக்கைத் தொடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஐந்து முதல் பத்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் உள்ளே தேங்கியது வெளியேறிக் கிளம்பிவிடும். மிதித்து மிதித்து எடுப்பது எஸ்யூ கார்புரேட்டரில் பயனில்லை, அதில் ஆக்ஸிலரேட்டர் பம்பே கிடையாது. வெபர் கார்புரேட்டரில் அது இருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சி நிலைமையைக் கெடுக்கும்.

பிளக் எப்படி இருந்தாலும் பொறியையும் (ஸ்பார்க்) பார்த்துவிடுங்கள். சூடேறிய காயிலும் கண்டென்சரும் இதே நேரக்கணக்கில்தான் படுத்து எழும்.

காரைப் பொறுத்தும் வாய்ப்பு மாறுகிறது. எம்ஜிபி காரில் மின்பம்ப் பின்னால், டேங்குக்கு அருகில் இருக்கிறது. உறிஞ்சு குழாய் குட்டை, அதுவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குத் தொலைவில். அதனால் ஆவியடைப்பு அபூர்வம். ஆனால் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருப்பதால் பெர்கலேஷனுக்குத் தோதான அமைப்பு. டாட்சன் 240இசட்டிலும் இரண்டும் ஒரே பக்கம்தான். அதோடு மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் மேலேயே இருக்கிறது. அதில் இரண்டு கோளாறும் வரும். போர்ஷே 914 நல்ல பாடம். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி, பம்புக்கு அப்பால் சுமார் 2 பார் அழுத்தம். அப்படியும் பம்ப் எஞ்சின் பக்கத்துச் சூட்டில் இருந்ததால் ஆவி அடைத்தது. 1975 மாடலில் பம்பை முன்னால் டேங்க் அருகே கொண்டுபோனார்கள். பம்ப் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அதன் வாய்க்கு ஆவி வந்தால் தள்ள ஒன்றும் இருக்காது.

பெர்கலேஷனுக்கும் ஒரு தமிழ்ச்சொல் வந்தால்தான் இந்த இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

———

> பெர்கலேஷனுக்கும் ஒரு தமிழ்ச்சொல்

"பொங்கிவழிதல்" என்று எழுதலாமா? பால் பொங்குவதைப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஆவியடைப்பில் இலக்கணச் சிக்கல் இல்லை. ஆவி + அடைப்பு, யகர உடம்படுமெய். வினையாக "ஆவி அடைத்துக்கொண்டது" என்று வரும். தலைப்புகளில் பிரித்து எழுதாதீர்கள். "கார்புரேட்டரில் ஆவி" என்று வரி உடைந்தால் பூசாரியைக் கூப்பிடுவார்கள்.

———

> "பொங்கிவழிதல்" என்று எழுதலாமா?

வழிதல் என்றதும் படிப்பவர் கீழே தரையைப் பார்ப்பார். இதில் பெட்ரோல் வெளியே வழிய வேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் உள்ளேதான் போகிறது. தரையில் சொட்டினால் அது கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் ஊசி வால்வு மூடாத ஓவர்ஃப்ளோ கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம்: ஊசி தேய்ந்திருக்கும், ஊசி உட்காரும் இடத்தில் தூசு இருக்கும், மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருக்கும், அல்லது பம்ப் அழுத்தம் கூடுதலாக இருக்கும். எஸ்யூவுக்கு 2.5 முதல் 3 பிஎஸ்ஐ போதும். வெளிச்சந்தையில் வாங்கிய 5, 6 பிஎஸ்ஐ பம்பைப் பொருத்தினால் ஊசி தாங்காது. "வழிதல்" அந்தக் கோளாறுக்கே இருக்கட்டும்.

கொதிப்பது எங்கே என்று பெயரே சொல்லட்டும்: கிண்ணக்கொதிப்பு.

தீர்வும் அப்போது பெயரைப் பின்தொடரும். கிண்ணக்கொதிப்பு என்றால் கிண்ணத்துக்குச் சூடு போகாமல் தடுக்க வேண்டும்: கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஃபீனாலிக் ஸ்பேசர் (சூடு கடத்தாத பிசின் தகடு), கீழே வெப்பத்தடுப்புத் தகடு. பலர் ஓவர்ஹாலின்போது இந்தத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவதில்லை. ஆவியடைப்பு என்றால் குழாயில் வேலை: எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி ஓட்டுவது, வெப்ப உறை போடுவது, பம்பை டேங்க் அருகே தாழ்வாக வைப்பது. கார்புரேட்டருக்குச் சற்று முன்னால் இருந்து டேங்குக்கு ஒரு திரும்புகுழாய் போட்டு, அதில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் துளையுள்ள தடுப்பு வைத்தால் சூடான பெட்ரோல் தேங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆவியும் டேங்குக்குத் திரும்பிவிடும். ஹோஸ் மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 வகையாகப் பாருங்கள். குழாயில் துணி மாட்டும் மரக் கிளிப்புகளை வரிசையாகக் குத்துவது பழைய வைத்தியம். அதற்குக் கையேட்டில் இடம் தர வேண்டாம்.

———

எல்லாருக்கும் நன்றி. திருத்திய பதிவு இப்படி வருகிறது:

"ஆவியடைப்பு: உறிஞ்சு குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் சூட்டால் ஆவியாகி, பம்ப் திரவத்தைத் தள்ள முடியாமல் போதல். ஓட்டத்தில் இழுவை குறையும், பிளக் காய்ந்திருக்கும். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டதும் ஓட்டம் சீரானால் உறுதி. வெளிக்காற்று நுழைவது காற்றடைப்பு. கிண்ணக்கொதிப்பு: எஞ்சினை நிறுத்தியபின் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் தேங்குதல். பிளக் நனைந்திருக்கும். இரண்டுக்கும் முன் டேங்க் மூடித் துளையையும் பொறியையும் சரிபார்க்கவும்."

———

> ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டதும்

ஒரு திருத்தம். சில மெக்கானிக்கல் பம்புகளில் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். சூட்டில் குளிர்நீர் பட்டால் விரிசல் விடும், அதுவும் எக்ஸாஸ்டுக்கு மேலே. "கண்ணாடிக் கிண்ணம் உள்ள பம்பில் துணியை நுழைவுக் குழாயில் மட்டும் சுற்றவும்" என்று சேர்த்துவிடுங்கள்.