7 வாரக் குழந்தை 5 நாளாக மலம் போகவில்லை. மலச்சிக்கலா?

கயல் அம்மா
மகளுக்கு 7 வாரம். தாய்ப்பால் மட்டும்தான், வேறு எதுவும் கொடுப்பதில்லை. போன வாரம் வரை ஒரு நாளைக்கு 4, 5 தடவை மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது 5 நாளாக ஒன்றுமே இல்லை. ஈர டயப்பர் தினமும் 6, 7 வருகிறது. பிறந்தபோது 2.9 கிலோ, 6-வது வாரம் 4 கிலோ. பால் நன்றாகக் குடிக்கிறாள். முகம் சிவக்க முக்குகிறாள், காற்று நிறையப் பிரிகிறது. கடைசியாகப் போனது கொஞ்சம் பச்சையாக இருந்தது. தண்ணீர் கொடு, சோப்புத் துண்டு வை என்று வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா? எத்தனை நாள் காத்திருக்கலாம்?

செவிலி அக்கா
தண்ணீரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது மலச்சிக்கல் மாதிரித் தெரியவில்லை.

நாள் கணக்கை வைத்து மலச்சிக்கல் என்று சொல்ல முடியாது. வருவது ஆட்டுப்புழுக்கை போலக் கெட்டியாக, உருண்டையாக இருந்தால்தான் அந்தப் பேச்சே. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அப்படி ஆவது மிக அபூர்வம். தாய்ப்பாலில் கழிவாக மிஞ்சுவது மிகக் குறைவு. 6 வாரத்தை ஒட்டிக் குடல் முதிர முதிர, பல குழந்தைகள் 5, 7 நாளுக்கு ஒருமுறைதான் போகும், சில 10 நாள்கூட எடுக்கும். வரும்போது மொத்தமாக, முதுகு வரை வழியும் அளவுக்கு வரும். மாற்றுத்துணி கையோடு இருக்கட்டும்.

முக்குவதைக் கண்டு பயப்படாதீர்கள். வயிற்றால் தள்ளிக்கொண்டே ஆசனவாயைத் தளர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இந்த வயதுக் குழந்தை இன்னும் பழகவில்லை. முழங்காலை மெதுவாக வயிற்றுப் பக்கம் மடக்கிப் பிடித்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கும். சோப்பு உள்ளே இருக்கும் மென்தோலை அரித்துப் புண்ணாக்கும். தெர்மாமீட்டர் வைத்துத் தூண்டினால், தூண்டினால்தான் போவேன் என்ற பழக்கமும் வரலாம். 6 மாதத்துக்கு முன் தண்ணீர் கொடுத்தால் அந்த அளவுக்குப் பால் குறையும், அதிகமானால் ரத்தத்தில் உப்பின் அளவும் இறங்கும்.

வயிறு கல் மாதிரி உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால், பால் குடிக்க மறுத்தால், ஈர டயப்பர் குறைந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால், இரவானாலும் போக வேண்டும். 3 மாதத்துக்குள் காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. பிறந்தது முதல் 48 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ (முதலில் வரும் கறுப்பு மலம்) போகாத குழந்தை என்றால் என் பதில் வேறு. அந்தக் குழந்தைக்குக் குடல் நரம்புக் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும்.

பாலூட்டல் துணை
இதோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். "5 நாள் போகாவிட்டாலும் பரவாயில்லை" என்பது 6 வாரம் தாண்டிய, எடை ஏறும் குழந்தைக்கு மட்டும். அதையே 2 வாரக் குழந்தைக்குச் சொன்னால் ஆபத்து. முதல் மாதத்தில் மலம் குறைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பால் போதவில்லை என்பதைத்தான்.

உங்கள் மகளின் எடை நன்றாக ஏறியிருக்கிறது. முதல் 3 மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும்.

பச்சை ஒன்றிரண்டு தடவை வந்தால் விட்டுவிடுங்கள். தினமும் நுரைத்துப் பச்சையாக, வெடித்த மாதிரி வந்து எடையும் நன்றாக ஏறினால், பால் அதிகம் சுரந்து லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை வேகமாகக் குடலுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் குடித்துத் தானாக விடும் வரை மாற்றாதீர்கள். பச்சையோடு சளியும் ரத்தக் கீற்றும் சேர்ந்தால், பசும்பால் புரதம் ஒவ்வாமையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். நீங்களாக உணவை ஒதுக்க ஆரம்பிக்காதீர்கள்.

புதுவரவு
என் குழந்தை பிறந்து 4 நாள் முடிந்துவிட்டது. டயப்பரில் செங்கல் தூள் மாதிரி ஆரஞ்சுக் கறை. மலம் இன்னும் கறுப்பு. நேற்றிலிருந்து ஈர டயப்பர் 2. இதுவும் சாதாரணம்தானா?

பாலூட்டல் துணை
இல்லை. இன்றைக்கே குழந்தையின் எடையைப் பார்த்து, பால் கொடுப்பதை அருகிலிருந்து யாராவது கவனிக்கும்படி செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

முதல் நாள் 1 ஈர டயப்பர், 2-ஆம் நாள் 2, 3-ஆம் நாள் 3 என்று ஏறி, 5, 6-ஆம் நாளிலிருந்து குறைந்தது 6 வர வேண்டும். மலம் தார் போன்ற கறுப்பிலிருந்து 3-ஆம் நாள் பழுப்புப் பச்சையாகி, 4, 5-ஆம் நாளில் மஞ்சளாகும். நடுவில் வெள்ளைக் குருணை இருக்கும், தண்ணீராகத்தான் இருக்கும், அது பேதி இல்லை. அந்த மஞ்சள் ஒரு நாளைக்கு 3, 4 தடவையாவது, ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் வர வேண்டும்.

செங்கல் கறை சிறுநீரில் படியும் யூரேட் உப்பு. முதல் 2, 3 நாள் சீம்பால் கொஞ்சமாக இருப்பதால் வரும், கவலையில்லை. 4-ஆம் நாளும் வந்தால் சிறுநீர் செறிவாக இருக்கிறது, பால் உள்ளே போகவில்லை. கறுப்பு மலம் தங்கினால் அதிலிருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் மறுபடி ரத்தத்தில் ஏறி மஞ்சள் காமாலையும் கூடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கொடுங்கள். தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள். வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போக வேண்டும், விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவர் கட்டாயம்.

டயப்பர் ஈரமா என்று தெரியாவிட்டால், காய்ந்த டயப்பரில் 3 மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம்தான் அளவு. ஜெல் டயப்பர் ஈரத்தை மறைத்துவிடும் என்பதால் உள்ளே ஒரு துண்டுப் பஞ்சு வைப்பது நல்லது.

பெண் குழந்தை என்றால் முதல் வாரத்தில் துளி ரத்தமோ வெள்ளைச் சளியோ வரலாம். தாயின் ஹார்மோன் வடிவதால் வருவது, தானாக நிற்கும். அதைச் செங்கல் கறையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செவிலி அக்கா
யாரும் கேட்காத ஒன்று. மஞ்சள், பச்சை, பழுப்பு எதுவானாலும் நேரம் இருக்கிறது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, களிமண் சாம்பல், வெளிறிய நிறம் வந்தால் நேரம் இல்லை. பித்தம் குடலுக்கு வராவிட்டால்தான் அப்படி ஆகும். கூடவே சிறுநீர் டயப்பரில் அடர் மஞ்சள் கறை விடும் (இந்த வயதில் அது நிறமற்று இருக்க வேண்டும்), கண்ணின் வெள்ளை 2 வாரம் கழிந்தும் மஞ்சளாகவே இருக்கும். பித்தக்குழாய் அடைப்புக்கான அறுவை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். விளக்கு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த டயப்பரையே பையில் கட்டி எடுத்துப் போங்கள்.