அப்பா கேட்ட பாட்டு பிள்ளைக்கு எப்படி ஒட்டிக்கொள்கிறது?

கேள்வி:
அப்பாவிடம் ஒரு கேசட் இருந்தது. அதில் மூன்றாவது பாட்டின் சரணத்தில் டேப் சிக்கி, ஒரு வரி மட்டும் கொழகொழவென்று இழுக்கும். இப்போது அதே பாட்டைப் போனில் சுத்தமாகக் கேட்டாலும், அந்த வரி வரும்போது மனசு இழுவைக்குத் தயாராகிவிடுகிறது. பாட்டு முடிந்ததும் கேசட்டில் அடுத்து இருந்த பாட்டின் முன்னிசை உள்ளுக்குள் தானாக ஓடும். இதில் எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டில் ஓடியது, காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

என் மகனுக்கு 13 வயது. எந்நேரமும் காதில் ஹெட்போன். (என் காதிலும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.) ஒரே அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டு கேட்கிறோம். என் பாட்டு எதுவும் அவனிடம் போய்ச் சேருமா?

பதில் 1:
இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் கரோல் க்ரம்ஹான்ஸல் 2013இல் வெளியிட்ட ஆய்வு. சுமார் 20 வயது மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை பிரபலமான பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகள் அதிகம் பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் 1980களின் தொடக்கத்துப் பாட்டுகளிலும் விருப்பம் ஒரு மேடுபோல் உயர்ந்திருந்தது. அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம் அது. 1960களில் இன்னொரு மேடு. அது தாத்தா பாட்டி வழியாக வந்திருக்கலாம், அல்லது அந்தக் காலப் பாட்டுகளே அவ்வளவு நன்றாக இருக்கலாம். பழைய பாட்டுகளைப் பெற்றோருடன் சேர்ந்து கேட்டதாகத்தான் மாணவர்கள் நினைவுகூர்ந்தார்கள். உங்கள் ஹெட்போன் கவலை நியாயமானதுதான்.

பதில் 2:
ஒரு எச்சரிக்கை. என் அப்பா பாட்டை நடுவில் நிறுத்தி, "இந்த இடத்தில் வயலினைக் கவனி" என்பார். அப்புறம் முதலிலிருந்து மறுபடி. அந்தப் பாட்டுகள் பக்கமே நான் ரொம்ப வருஷம் போகவில்லை. அம்மா எதையும் சொல்லித்தரவில்லை. வேலை செய்துகொண்டே பாதி வார்த்தைகளைத் தப்பும் தவறுமாகப் பாடுவார். இன்றைக்கு என் வாயில் வருவது அம்மாவின் பாட்டுகள்தான், அதே தப்பான வார்த்தைகளோடு. என் மகளும் அப்படியே பாடுகிறாள், திருத்த மனசு வரவில்லை.

பதில் 3:
ரசனைக்கு முன்னாலேயே காது பழகிவிடுகிறது. ஆறு மாதக் குழந்தைகள் தமக்குப் பழக்கமில்லாத பண்பாட்டின் தாளத்தில் பிசகு வந்தாலும் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு வயதுக்குள் அந்தத் திறன் குறைந்து, வீட்டில் கேட்கும் தாளத்துக்கே காது இசைந்துவிடுகிறது. ஹானன், ட்ரெஹப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் காட்டியது இது. ஆக, உங்கள் மகனுக்கு ஹெட்போன் வாங்கித் தருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிக்கு ஒரு ஸ்பீக்கர் போதும். நடு வீட்டில் வையுங்கள், சத்தம் குறைவாக. விளக்கம் மட்டும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ஸ்பீக்கர் வைத்தாயிற்று. "எனக்கும் முறை வேண்டும்" என்றான், சரி என்றேன். அவன் போடுவதில் முக்கால்வாசி எனக்கு வெறும் இரைச்சல். ஆனால் ஒன்று பிடித்துத் தொலைத்துவிட்டது. அலுவலகத்தில் முணுமுணுத்து மாட்டிக்கொண்டேன். என் பாட்டுகளைப் பற்றி அவன் இதுவரை சொன்னது ஒன்றே ஒன்று: "முன்னிசை ரொம்ப நீளம்ப்பா."